விசா கையில் இருந்தால் போதுமா? வாசகர் கேள்வி பதில்

அண்மைக் காலமாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் வெளிநாட்டுப் பயண விதிகளைப் பற்றிய ஐயங்களே மிகுதியாக இருப்பதால், இம்முறை முழுப் பகுதியையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒரு கேள்வியாகச் சேர்த்துச் சுருக்கியுள்ளோம். பயணியின் பாஸ்போர்ட் எந்த நாட்டினுடையது என்பதைப் பொறுத்துப் பல விடைகள் மாறும் என்பதை மனத்தில் வைத்துப் படிக்கவும்.

கேள்வி: சேர வேண்டிய நாட்டுக்குச் செல்லுபடியாகும் விசா என்னிடம் இருந்தது. ஆனாலும் செக்-இன் கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் தர மறுத்துவிட்டார்கள். நடுவில் விமானம் மாறும் நாட்டுக்கும் விசா வேண்டுமாம். எல்லையில் ஓர் அரசு அதிகாரி எடுக்க வேண்டிய முடிவை விமான நிறுவன ஊழியர் எப்படி எடுக்கலாம்?

பதில்: சட்டப்படி பார்த்தால் அவர் உங்களுக்கு நுழைவை மறுக்கவில்லை, உங்களை ஏற்றிச் செல்ல மறுத்திருக்கிறார். பயணிக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், இந்த ஏற்பாட்டின் காரணம் தெரிந்தால் அடுத்த முறை தப்பிக்க வழி கிடைக்கும். உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றி வந்தால், அவரைத் திருப்பிக் கொண்டுபோகும் பொறுப்பு அந்த விமான நிறுவனத்தின் தலையில் விழுகிறது. பல நாடுகள் அதற்கு மேல் அபராதமும் விதிக்கின்றன. ஆகவே, கவுன்ட்டரில் இருப்பவர் உங்கள் பாஸ்போர்ட்டின் நாடு, சேருமிடம், வழியில் மாறும் இடம், திரும்பும் நாள் ஆகியவற்றைத் தம் கணினியில் தட்டிப் பார்க்கிறார். பெரும்பாலான நிறுவனங்கள் இதற்குப் பயன்படுத்துவது, சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா நடத்தும் டைமாட்டிக் என்னும் தரவுத்தளம். அதன் திரை 'வேண்டும்' என்று காட்டினால், ஊழியர் தம் விருப்பப்படி 'வேண்டாம்' என்று முடிவு செய்யத் துணிவதில்லை.

வழியில் விமானம் மாறும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்க விமான நிலையங்களில், வேறொரு வெளிநாட்டுக்குச் செல்லும் பயணியும் குடிநுழைவுச் சோதனையைக் கடந்தே அடுத்த விமானத்துக்குப் போக வேண்டும். ஆகவே, இரண்டு மணி நேர இடைவெளிதான் என்றாலும் டிரான்சிட் விசாவோ, தகுதியுள்ள நாட்டவராக இருந்தால் எஸ்டா என்னும் மின்னணு முன் அனுமதியோ கட்டாயம். தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் நிலைமை வேறு. பன்னாட்டுப் பகுதியை விட்டு வெளியே வராமல் விமானம் மாறுவோரில் சில நாட்டவருக்கு மட்டும் விமான நிலைய டிரான்சிட் விசா தேவைப்படுகிறது. ஆனால், முதலில் ஒரு ஷெங்கன் நகரில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு ஷெங்கன் நகருக்குப் பறந்து, அதன் பிறகு வெளியேறுவதாக டிக்கெட் இருந்தால், முதல் நகரிலேயே நீங்கள் எல்லையைக் கடந்து உள்ளே வந்துவிட்டதாகக் கணக்கு. அதற்கு டிரான்சிட் விசா போதாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுப்போருக்கு ஒரு சொல்: பெட்டியை நடுவில் எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டிய நிலை வந்தால், பெரும்பாலான விமான நிலையங்களில் நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழைந்தே ஆக வேண்டும். டிக்கெட் விலையில் மிச்சம் பிடித்ததைக் காட்டிலும் பெரிய செலவு அங்கே காத்திருக்கும்.

கேள்வி: ஐரோப்பாவில் இனிப் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள், கைரேகை எடுப்பார்கள் என்கிறார்களே, அது எல்லோருக்கும் பொருந்துமா? எடுத்த கைரேகையை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் நுழைவு, வெளியேற்றப் பதிவு முறை. 2017-ஆம் ஆண்டிலேயே சட்டமாகி, பல முறை தள்ளிப்போய், 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கியது. 2026 ஏப்ரல் 10-க்குள் எல்லா வெளி எல்லைச் சாவடிகளுக்கும் படிப்படியாக விரிவுபடுத்தும்படி அது வகுக்கப்பட்டது. ஷெங்கன் பகுதியின் 29 நாடுகளுக்கு இது பொருந்தும். ஒன்றியத்தின் உறுப்பினர்களாக இருந்தும் அயர்லாந்தும் சைப்ரஸும் இதில் இல்லை. உறுப்பினரல்லாத சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகியவை இருக்கின்றன.

ஒன்றியத்தையோ இந்த நாடுகளையோ சேராத, குறுகிய காலத் தங்கலுக்காக வரும் நாட்டவர் அனைவரும், விசா பெற்று வந்தாலும் விசா தேவையில்லாதவராக வந்தாலும், பதிவு செய்யப்படுவர். அங்கே வதிவிட அனுமதி அட்டையோ நீண்ட கால விசாவோ வைத்திருப்போருக்கு இது இல்லை. முதல் முறை வருபவரின் பாஸ்போர்ட் விவரங்கள், முகப் படம், நான்கு விரல்களின் ரேகை ஆகியவை எடுக்கப்படும். விசா பெற்றவரின் கைரேகை விண்ணப்பத்தின்போதே விசாத் தகவல் தொகுப்பில் சேர்ந்துவிடுவதால் இங்கே மறுபடி சேமிப்பதில்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு முகப் படம் மட்டுமே. அடுத்தடுத்த பயணங்களில், இருக்கும் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதோடு வேலை முடிந்துவிடும் என்பதே திட்டம். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டியதும் இல்லை. பணம் கட்டிப் பதிவு செய்யச் சொல்லும் தளம் எதுவானாலும் அது ஏமாற்று வேலைதான். கைரேகை தர மறுப்பவருக்கு நுழைவு மறுக்கப்படும்.

பதிவு பொதுவாகக் கடைசி வெளியேற்றத்திலிருந்து மூன்று ஆண்டுகள் இருக்கும். வெளியேறியதாகப் பதிவே இல்லாதவர்களுடையது ஐந்து ஆண்டுகள். முத்திரை இருந்த காலத்தில் அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டி, மங்கிய மையில் தேதியைத் தேடி, விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அந்தச் சிரமத்தில் சிலர் தப்பினார்கள். சிலர் வெளியேறும் முத்திரை விடுபட்ட ஒரே காரணத்தால் மாட்டிக்கொண்டார்கள். இப்போது கூட்டிக் கழிப்பதைக் கணினி செய்கிறது. அதற்காக, கணினி தவறே செய்யாது என்று இருந்துவிட வேண்டாம். வெளியேறிய நாளுக்கான போர்டிங் பாஸையோ ரயில் டிக்கெட்டையோ பத்திரப்படுத்தி வையுங்கள். பதிவு விடுபட்டிருந்தால் நீங்கள் நேரத்தோடு கிளம்பியதற்கு அதுவே சான்று. இன்னொன்று: பிரிட்டனிலிருந்து கடல் வழியாகவும் சுரங்க ரயிலிலும் பிரான்சுக்குச் செல்வோருக்கு டோவர் துறைமுகம், ஃபோக்ஸ்டோன், லண்டன் செயின்ட் பான்க்ராஸ் ஆகிய இடங்களில், புறப்படும் முன்பே பிரெஞ்சு அதிகாரிகளின் சோதனை நடக்கிறது. அங்கே போதிய நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஷெங்கன் விதிப்படி 180 நாட்களில் 90 நாட்கள் தங்கலாம். நான் ஜனவரி 5 முதல் பிப்ரவரி 3 வரையும், ஏப்ரல் மாதம் முழுவதும் அங்கே இருந்தேன். ஜூலை 1 அன்று மறுபடி போகிறேன். எனக்கு 30 நாட்கள்தான் மிச்சம் என்கிறார் பயண முகவர். புதிய அரையாண்டு தொடங்குவதால் 90 நாட்களும் கிடைக்கும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் தவறு. உங்களுக்குக் கிடைப்பவை 60 நாட்கள்.

அரையாண்டு என்பது ஜனவரியிலோ ஜூலையிலோ தொடங்குவதில்லை. நீங்கள் முதலில் நுழைந்த நாளிலிருந்தும் தொடங்குவதில்லை. அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாட்களை எண்ண வேண்டும். அந்த எல்லைக்குள் நீங்கள் தங்கிய நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. வந்த நாளும் கிளம்பிய நாளும் முழு நாட்களாகவே கணக்கில் சேரும். ஜூலை 1 அன்று பின்னோக்கி எண்ணினால் கணக்கு ஜனவரி 3 வரை செல்கிறது. அதனால் உங்கள் முதல் பயணத்தின் 30 நாட்களும் ஏப்ரலின் 30 நாட்களும் உள்ளே விழுகின்றன. அன்றைய நாளோடு 61. முகவர் இந்த இடத்தில் நின்றுவிட்டார். ஆனால் ஜூலை 4 அன்று எண்ணினால் கணக்கு ஜனவரி 6-இல்தான் தொடங்குகிறது. ஜனவரி 5 உதிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு புதிய நாள் சேரும்போது ஒரு பழைய நாள் கழிவதால், ஆகஸ்ட் 2 வரை உங்கள் கணக்கு 63-லேயே நிற்கும். அதற்குப் பிறகு கழிய ஒன்றும் இல்லாததால் நாளுக்கு ஒன்றாக ஏறி, ஆகஸ்ட் 29 அன்று 90-ஐத் தொடும். அன்று கிளம்பிவிட வேண்டும். (லீப் ஆண்டில் பிப்ரவரியின் கூடுதல் நாளால் இடையிலுள்ள தேதிகள் சற்று நகரும், கடைசி நாள் மாறாது.)

ஆனால், விசா தேவைப்படும் நாட்டவராக இருந்தால் இந்த 60 நாட்கள் மேல் வரம்பு மட்டுமே. விசா ஒட்டியில் எத்தனை நாள் என்று அச்சிட்டிருக்கிறதோ அதுவே உங்களுக்குப் பொருந்தும். 15 என்று இருந்தால் 15தான். ஐரோப்பிய ஆணையத்தின் இணையத்தளத்தில் இதற்கான கணிப்பான் இலவசமாக உள்ளது. தேதிகளை இட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: 'விசா தேவையில்லை' என்று சொல்லிவிட்டு, முன் அனுமதி வாங்கு, பணம் கட்டு என்கிறார்கள். இது பெயரை மாற்றிய விசாதானே?

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. ஆனாலும் வேறுபாடு உண்டு. விசாவுக்கு வழக்கமாக விண்ணப்ப மையத்துக்கு நேரில் செல்ல வேண்டும்; நேர்காணல், வங்கிக் கணக்கு விவரம், கைரேகை என்று நீளும். மின்னணுப் பயண அனுமதியோ இணையத்திலோ செயலியிலோ சில கேள்விகளோடு முடிந்து, பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்குள் கிடைத்துவிடுகிறது. அமெரிக்கா 2009 ஜனவரி 12 முதல் எஸ்டாவைக் கட்டாயமாக்கியது. கனடா 2016-இல் தொடங்கியது. அங்கே ஏழு கனடிய டாலருக்கு ஐந்து ஆண்டு அனுமதி கிடைக்கிறது. பிரிட்டன் 2023-இல் கத்தார் நாட்டவரிடம் தொடங்கி, 2025 ஜனவரியில் ஐரோப்பியரல்லாத விசா விலக்கு நாட்டவருக்கும், ஏப்ரலில் ஐரோப்பியருக்கும் விரித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எடியாஸ் 2026-இன் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. கென்யா 2024 ஜனவரியில் விசாவை ஒழித்ததாக அறிவித்தபோது, அதன் இடத்தில் வந்தது கட்டணத்தோடு கூடிய ஒரு முன் அனுமதி முறை. அங்கே உங்கள் சந்தேகத்துக்குச் சற்று அதிகமாகவே இடம் இருக்கிறது.

கட்டணம் ஏறுவதைப் பார்த்தாலும் உங்கள் பக்கம் நியாயம் கூடுகிறது. பிரிட்டனின் அனுமதி 10 பவுண்டாகத் தொடங்கி 2025 ஏப்ரலில் 16 பவுண்டானது. எஸ்டா 2025 செப்டம்பர் 30 அன்று 21 டாலரிலிருந்து 40 டாலருக்குத் தாவியது. ஏழு யூரோ என்று சட்டத்தில் எழுதப்பட்ட எடியாஸ், தொடங்குவதற்கு முன்பே 20 யூரோவாகிவிட்டது. கட்டணம் கட்டும் இடம் அரசுத் தளம்தானா என்று பாருங்கள். அரசு முத்திரையைப் போன்ற படத்தை ஒட்டிக்கொண்டு, இரண்டு மூன்று மடங்கு வாங்கிக்கொண்டு, அதே படிவத்தை உங்கள் சார்பில் நிரப்பித் தரும் இடைத்தரகுத் தளங்கள் தேடல் முடிவுகளில் முதலிடத்தில் விளம்பரமாக வந்து நிற்கின்றன.

அனுமதி பாஸ்போர்ட் எண்ணோடு பிணைந்தது. படிவத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' எழுத்தை இட்டால், அனுமதி கிடைத்திருந்தும் விமான நிறுவனத்தின் கணினிக்கு அது தெரியாது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் அனுமதியும் புதிதாக வேண்டும். மேலும், விசா விலக்கு நாட்டவர் என்பதாலேயே எல்லோருக்கும் எஸ்டா கிடைத்துவிடாது. 2011 மார்ச் 1 அன்றோ அதற்குப் பிறகோ ஈரான், ஈராக், சிரியா, சூடான், லிபியா, சோமாலியா, ஏமன், வட கொரியா ஆகிய நாடுகளுக்குச் சென்றவர்களும், 2021 ஜனவரி 12 அன்றோ அதற்குப் பிறகோ கியூபா சென்றவர்களும், சில விலக்குகள் தவிர, தூதரகத்தில் விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா செல்வோர் நிரப்பும் இணைய வருகை அட்டையும் இப்படிப்பட்ட அனுமதியா?

பதில்: இல்லை. அது முன்பு விமானத்தில் தந்த காகிதப் படிவத்தின் இணைய வடிவம். தாய்லாந்து 2025 மே 1 முதல் கட்டாயமாக்கியது. வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். மூன்று நாடுகளிலும் இலவசம். விசா தேவைப்படுவோர் விசாவைத் தனியாகப் பெற வேண்டும்.

கேள்வி: டிக்கெட் எடுத்து, விடுதிக்கும் பணம் கட்டிய பிறகு விதி மாறினால் என்ன செய்வது? பழைய விதிப்படி செல்ல உரிமை இல்லையா?

பதில்: பொதுவாக இல்லை. நீங்கள் எல்லைக்கு வந்து சேரும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறதோ அதுவே பொருந்தும். இடைக்கால அவகாசம் தருவது அந்தந்த அரசின் பெருந்தன்மை. 2024 செப்டம்பர் 10 அன்று ஜோர்டான் நாட்டவருக்கு விசாவைக் கட்டாயமாக்கிய பிரிட்டன், முன்பே டிக்கெட்டும் மின்னணு அனுமதியும் பெற்றிருந்தவர்களுக்கு நான்கு வாரம் அவகாசம் தந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 29 அன்று மெக்சிகோ நாட்டவருக்கு விசாவைத் திரும்பக் கொண்டுவந்த கனடாவோ, அன்றிரவே நடைமுறைப்படுத்தியது. அதுவரை மெக்சிகோ பாஸ்போர்ட்டுக்கு வழங்கப்பட்டிருந்த ஐந்தாண்டு அனுமதிகள், செல்லுபடியாகும் பணி, படிப்பு அனுமதிகளோடு இணைந்தவை தவிர, செல்லாதவையாயின. கையில் இருந்த அனுமதியின் தேதி முடியவில்லை என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

ஏன் இப்படி மாற்றுகிறார்கள் என்றும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கனடா சொன்ன காரணம் அடைக்கலம் கோரும் விண்ணப்பங்களின் பெருக்கம். பிரேசில் 2025 ஏப்ரல் 10 முதல் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாட்டவரிடம் மறுபடி விசா கேட்டதற்குக் காரணம், அந்த நாடுகள் பிரேசில் நாட்டவரிடம் விசா கேட்பதுதான். உனக்கு எப்படியோ எனக்கும் அப்படியே என்னும் கணக்கு. காரணம் எதுவானாலும் பயணி செய்யக்கூடியது ஒன்றுண்டு. டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு முறையும், கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு முறையும், சேரும் நாட்டின் அரசுத் தளத்தில் உங்கள் பாஸ்போர்ட்டின் நாட்டைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சென்ற ஆண்டு போய் வந்தவர் சொன்னது சென்ற ஆண்டின் விதி. பயணக் காப்பீட்டை நம்பியிருப்போர் அதன் நிபந்தனைகளைப் படித்துப் பார்க்க வேண்டும். விசா கிடைக்காததால் ரத்தாகும் பயணத்தைப் பல காப்பீடுகள் ஏற்பதில்லை.

கேள்வி: என் அமெரிக்க விசா பத்தாண்டுக்கு உரியது. ஒரே மூச்சில் எவ்வளவு காலம் தங்கலாம்?

பதில்: விசாவில் உள்ள தேதி, நுழைவாயிலுக்கு வந்து நின்று அனுமதி கேட்கக்கூடிய கடைசி நாளை மட்டுமே குறிக்கிறது. தங்கும் காலத்தை நுழையும்போது எல்லை அதிகாரி முடிவு செய்து ஐ-94 என்னும் பதிவில் இடுகிறார். சுற்றுலாப் பயணிக்கு வழக்கமாக ஆறு மாதம் வரை கிடைக்கும். உள்ளே நுழைந்த அன்றே அந்தப் பதிவை அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையத்தளத்தில் திறந்து பாருங்கள். பெயரிலோ தேதியிலோ பிழை இருந்தால் உடனே திருத்தச் சொல்லுவது எளிது.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது, குடும்பப் பெயர் என்ற கட்டம் வெறுமையாக உள்ளது. இதனால் சிக்கல் வருமா?

பதில்: வரலாம். பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருப்பதைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 44 இடங்கள். எழுத்து இல்லாத இடமெல்லாம் கோணக்குறிகளால் நிரப்பப்பட்டிருக்கும். எல்லையில் இயந்திரம் படிப்பது இந்த வரிகளைத்தான். ஒரே பெயர் உடையவரைப் பதிவு செய்யப் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் தரநிலையில் வழி இருக்கிறது. ஆகவே உங்கள் பாஸ்போர்ட்டில் குறை ஒன்றும் இல்லை. இரண்டு கட்டங்களும் நிரம்பினால்தான் நகரும் விண்ணப்பப் படிவங்களும் டிக்கெட் தளங்களும்தான் குழப்பத்துக்குக் காரணம். அமெரிக்க விசாவில் உங்கள் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, முதற்பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் குறுக்கம் அது. அதைப் பிழை என்று எண்ணிப் பதற வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகம் இன்னும் கடுமை காட்டியது. சுற்றுலா, வருகை விசாக்களில் வருவோரின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் விமான நிறுவனங்களுக்குத் தெரிவித்தது.

டிக்கெட்டில் பெயரை எப்படி இட வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. சிலர் அதே பெயரை இரு கட்டத்திலும் இடச் சொல்கிறார்கள். பணம் கட்டுமுன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடிக்கடி பயணம் செய்பவரானால், அடுத்த புதுப்பித்தலின்போது பெயரை இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்வதே நிம்மதி.

கேள்வி: பாஸ்போர்ட் முடிய ஐந்து மாதம் இருக்கிறது. பயணமோ இரண்டு வாரம்தான். போகலாமா? பழைய பாஸ்போர்ட்டில் உள்ள விசாவின் கதி என்ன?

பதில்: பல நாடுகள் வருகை நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி கேட்கின்றன, அங்கே ஐந்து மாதம் போதாது. ஷெங்கன் நாடுகளுக்கு, வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் இருந்தால் போதும். ஆனால் பாஸ்போர்ட் முந்தைய பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். காலாவதியான பாஸ்போர்ட்டில் ஒட்டிய அமெரிக்க விசா, அதன் காலம் முடியாமலும் சேதமடையாமலும் இருந்தால் செல்லும். அந்த விசாவைக் கிழித்தெடுத்துப் புதியதில் ஒட்டாமல், இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும். மற்ற நாடுகளின் விசாவுக்கு இதே வழக்கம் பொருந்தும் என்று எண்ணிவிடாமல், புதுப்பிக்கக் கொடுக்கும் முன்பே அந்தந்தத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளவும்.